கமலாவுக்கு முன்னால் கனகா

அப்பா எண்ணூர் பக்கம் ஒரு சின்ன ஃபவுண்டரியில் இருபது வருஷம் மண் அச்சு கட்டி இரும்பு வார்த்தார். காண்ட்ராக்ட் வேலை. அவர் வார்த்த உருப்படி எந்த லாரிக்குள் போய் உட்கார்ந்தது என்று அவருக்கே தெரியாது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கிய காலந்தொட்டு எங்க ஏரியா வண்டிக்குப் பேர்போனது. வார்த்தவர் பெயரை எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை.

நான் திறமூலத்துக்குள் வந்தது அம்மாவால். திருவொற்றியூரில் அவருடைய மகளிர் குழுப் பட்டியலை ஒரு இலவச மென்பொருளில் ஏற்றினேன். கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நின்றார். "பள்ளிக்கூடத்துல 'ன' கடைசி எழுத்துன்னுதானே சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் அம்மா.

அம்மா சொன்னது சரி. 1988-இல் வகுத்த இஸ்கி முறையின் அடுக்கைத்தான் 1991-இல் யூனிகோடு எடுத்துக்கொண்டது. தேவநாகரியை ஒட்டிய அடுக்கு அது. அதில் 'ன', 'ந'வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று இடம் காலி. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், அகராதி வரிசையைத் தப்பாகத்தான் தரும். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தானில் வளர்த்த ஓபன்-தமிழ் போன்ற நிரலகங்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அதைப் பார்த்துக் கற்று, நான்கு வரி திருத்தம் எழுதி அனுப்பினேன். சோதனை இல்லாமல் ஏற்க மாட்டோம் என்று இரண்டு முறை திருப்பினார்கள். மூன்றாவது முறை சேர்ந்தது. கூடவே என் பெயரும்.

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாறிய வரிகளை மட்டும் அனுப்பிப் பொருத்த, லாரி வால் 1985-இல் 'பேட்ச்' எழுதினார். சி.வி.எஸ். காலத்தில் திருத்தத்தை உள்ளே போட்டவர் பெயர்தான் பதிவாகும். எழுதியவர் பெயரை யாராவது மனசு வைத்துக் குறிப்பில் எழுதினால் உண்டு. 2003-இல் எஸ்.சி.ஓ. நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டது என்று ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய கட்டாயம். 2004-இல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையொப்ப வரி வந்தது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், எழுதியவரையும் சேர்த்தவரையும் தனித்தனியாகப் பதிந்தது. ஆக, கையொப்பம் கேட்டது கோர்ட்டு பயத்தில், பெருந்தன்மையில் இல்லை.

திறமூலம் முழுக்கச் சேவை என்பவர்களை நான் நம்புவதில்லை. லினக்ஸ் கெர்னலில் பெரும்பகுதி வேலை கம்பெனிச் சம்பளத்தில் நடக்கிறது. தமிழுக்கு நடப்பதோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை உழைப்பு. ஞாயிறும் ஷிப்ட் இருக்கிற வீட்டிலிருந்து யார் வருவார்?

அப்பாவிடம் அந்த வரியைக் காட்டினேன்.

"உன் பேரா? நாளைக்கு அழிச்சிட மாட்டாங்களா?"

"அழிச்சா அதுக்கப்புறம் வந்த எல்லாப் பதிவோட அடையாள எண்ணும் மாறிடும்பா. ஊருக்கே தெரிஞ்சிடும்."

"எவ்ளோ குடுத்தாங்க?"

"ஒண்ணும் இல்ல."

கண்ணாடியை வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, தேதியையும் சேர்த்து இன்னொரு தடவை படித்தார்.