மணியும் மண்ணும்

பண்டைத் தமிழகத்தின் கடல் வணிகம் என்றவுடன் மிளகும் முத்தும் துகிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. மிளகும் துகிலும் மண்ணில் எளிதில் மக்கிவிடும். ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் நிறம் மங்காமல் நம் கைக்கு வந்து சேர்பவை கல்மணிகள். அவற்றுள் அகேட், சூதுபவளம் ஆகிய இரண்டையும் இங்கு நோக்குவோம்.

இரண்டும் கால்செடோனி என்னும் ஒரே கல்லின் வகைகள். கண்ணுக்குப் புலப்படாத நுண்படிகங்களாலான சிலிக்காவே கால்செடோனி. அதில் நிறப்பட்டைகள் வரிவரியாக அமைந்தால் அகேட். இரும்பின் சேர்க்கையால் சிவந்திருந்தால் சூதுபவளம். பெயரில் பவளம் இருப்பினும் இது கடலில் விளைவதன்று. தக்காணத்து எரிமலைப் பாறைகளின் குழிவுகளில் மிகுதியாகக் கிடைப்பது. மோஸ் அளவுகோலில் இதன் கடினம் ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை. இத்தகைய கல்லைச் சூடேற்றி நிறங்கூட்டி, செதுக்கி, தேய்த்து, மெருகிட்டு, நூல் நுழையுமளவு துளையிடுவது தேர்ந்த கைவினைஞர்க்கே இயலும்.

அக்கைவினைஞர் வாழ்ந்த ஊர்களுள் ஒன்று நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணல். பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர். 1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில் முடிவுற்ற மணிகளோடு துளையிடப்படாத மணிகளும் செதுக்கிக் கழித்த சில்லுகளும் கிடைத்தன. முடிவுற்ற மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். கழிவுச் சில்லை எவரும் விலை கொடுத்து வாங்கி வரமாட்டார். ஆகவே மணி செய்த இடத்தை உறுதிப்படுத்துவது அச்சில்லே.

இந்த அளவுகோலைக் கடல் கடந்தும் பயன்படுத்த வேண்டும். தென் தாய்லாந்தின் காவோ சாம் கேயோவில் கி.மு. 4 முதல் 2ஆம் நூற்றாண்டு வரையிலான மணித்தொழிற் கழிவுகள் கிடைத்துள்ளன. இந்தியத் தொழில்நுட்பத்தால் மணிகள் அங்கேயே செய்யப்பட்டன. சரக்கோடு தொழிலறிவும் கடல் கடந்தது என்பதற்கு இது சான்று. எனவே தென்கிழக்காசியாவில் ஒரு சூதுபவள மணி கிடைத்தவுடன் அது தமிழகத்தில் செய்யப்பட்டது என்றோ, அங்குத் தமிழர் குடியிருந்தனர் என்றோ நாம் முடிவுகட்டலாகாது. பேராக்கின் கோலா செலின்சிங்கில் ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த சூதுபவள முத்திரை கிடைத்தது. அப்பெயருடையவர் அங்கு வந்தாரா, முத்திரை மட்டும் வந்ததா என்பதை அக்கல் தனித்துக் கூறாது. உடன் கிடைத்தவற்றையும் சேர்த்தே பொருள் காண வேண்டும்.

இங்குதான் நமக்குப் பேரிழப்பு நேர்கிறது. கிராபி மாநிலத்துக் குவான் லுக் பாட் என்பதற்கு 'மணிமேடு' என்பது பொருள். 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பொற்கொல்லர் உரைகல் கிடைத்த இடம் அது. அம்மேடு மணி தேடியவர்களின் தோண்டுதலால் பெரிதும் சிதைந்தது. மணிகள் சேகரிப்பாளர் பேழைகளுக்குச் சென்றன. எந்த மணி எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்னும் செய்தி அழிந்தது.

அழகிய கல்லைச் சேகரிப்பது குற்றமன்று. இன்று வெட்டியெடுக்கும் அகேட்டை எவரும் விரும்பி வாங்கலாம். பழமணியாயின், அது எம்மண்ணிலிருந்து எவ்வாறு வந்தது என்று முதலில் கேட்பது நம் கடன். தொல்லிடத்தில் ஒரு மணியைக் காணும் மாணவர், அதனை எடுக்காது இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்திற்கு அறிவித்தால், அதுவே வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாகும்.