தேள் தேடிய விளக்குகள்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குச் சென்று வந்த அன்பர்கள், பாம்பும் தேளும் பொறித்த சிறு தகடுகள் அங்கே விற்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். நச்சுயிர்கள் வீட்டுக்குள் வந்து அச்சுறுத்தினால், அவற்றின் உருவை வாங்கிக் காணிக்கையாகச் செலுத்துவதாக நேர்ந்துகொள்வது அவ்வட்டார மக்களின் வழக்கம். புற்றுமண்ணே அங்குப் பிரசாதம். அக்கோயிலுக்கு வடகிழக்கே, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் நிலத்தில் அமைந்த ஊர் திருவேங்கடம். அந்த வெடிப்புகளும், வரப்புக் கற்களும், வீட்டோரம் அடுக்கிய பருத்திமார்க் கட்டுகளும் தேள்களுக்கு உகந்த உறைவிடங்கள். தேளைத் தவிர்ப்பதற்கே நேர்த்திக்கடன் வைக்கும் நாட்டில், தேளைத் தேடிச் செல்வதற்கென்று கருவிகளும் முறைகளும் உண்டு, அதற்கொரு வரலாறும் உண்டு என்றால் சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். எனினும் அவ்வரலாற்றில் நம் மொழியின் பெயரே இடம்பெற்றிருக்கிறது.

கரிசலில் காணப்படும் செந்தேளை 1798இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் டென்மார்க் நாட்டவரான யோகான் கிறிஸ்தியான் ஃபப்ரீசியஸ். லின்னேயஸின் மாணவர். அவர் இட்ட பெயர் 'ஸ்கார்ப்பியோ தமூலுஸ்'. தமிழைத் 'தமூலம்' என்றும் 'டமூலிகம்' என்றும் இலத்தீனில் எழுதுவது அக்கால ஐரோப்பியர் வழக்கு. சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணத்தின் தலைப்பிலும் இச்சொல்லைக் காணலாம். பேரினப் பெயர் பின்னர்ப் பலமுறை மாறி, இன்று 'ஹோட்டன்டோட்டா' என்றாகிவிட்டது. 'தமூலுஸ்' மட்டும் மாறவில்லை. கொட்டினால் உயிருக்கே ஊறு செய்யவல்ல ஒன்றுக்கு நம் பெயர் வாய்த்ததை எண்ணி மகிழ்வதா வருந்துவதா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1900இல், ரெஜினால்ட் இன்னெஸ் போகாக் பிரித்தானிய இந்தியாவின் தேள், சிலந்தி இனங்களைத் தொகுத்து நூலாக்கினார். இலண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த மாதிரிகளே அவருக்கு ஆதாரம். அனுப்பியவர்களின் பெயர்கள் அந்நூலில் உண்டு. ஆனால் கல்லைப் புரட்டியவர் எவர், கொட்டு வாங்கியவர் எவர் என்பதற்கு அதில் விடையில்லை. அந்நாளில் தேள் தேடுவது என்றால் பகலில் கல்லைப் புரட்டுவதும், மரப்பட்டையைப் பெயர்ப்பதும், வளையை மண்வெட்டியால் தோண்டுவதுந்தான். எந்தக் கல்லின் கீழ் இருக்கும் என்பதை அறிந்தவர் அந்த நிலத்தில் உழைத்தவரே. பிரான்சில் ழான் ஆன்றி ஃபாப்ர் என்னும் பூச்சியியல் மேதையும் இவ்வாறு கற்களைப் புரட்டித்தான் தேள்களைச் சேர்த்தார். பிறகு அவற்றைத் தம் இல்லத்தில் வளர்த்து, இரவில் கைவிளக்கின் ஒளியில் ஆணும் பெண்ணும் இடுக்கிகளைக் கோத்து நடப்பதைப் பார்த்து எழுதினார். கைவிளக்கின் வெளிச்சம் சில அடி தூரமே செல்லும். மண்ணின் நிறத்தில் அசையாமல் கிடக்கும் தேளை அவ்வெளிச்சத்தில் வெட்டவெளியில் கண்டுபிடிப்பது அரிது.

திருப்பம் 1954இல் வந்தது. புற ஊதா ஒளி பட்டால் தேளின் மேலோடு பச்சையும் நீலமுமாக ஒளிர்வதை இத்தாலியில் பாவனும் தென்னாப்பிரிக்காவில் லாரன்சும் அவ்வாண்டில் தனித்தனியே எழுதினர். களத்தில் தேள் தேட இவ்வொளி நல்ல கருவி என்பதை அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த ஸ்டாங்கே 1972இல் எடுத்துரைத்தார். மேலோட்டில் ஒளிரும் வேதிப்பொருள்கள் இரண்டு 1999, 2001 ஆகிய ஆண்டுகளில் இனங்காணப்பட்டன. இவ்வொளிர்வால் தேளுக்கு என்ன பயன் என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை. தோலுரித்த புதிதில் தேள் ஒளிர்வதில்லை. மேலோடு கெட்டிப்பட்ட பிறகே ஒளி கூடும். இந்தியத் தேள்களைப் பற்றிய டிகாடர், பஸ்தவடே இருவரின் பெருநூல் 1983இல் வெளிவந்தது. அப்போது புற ஊதா விளக்கும் அதன் மின்கலமும் பெருஞ்சுமை. இன்று 365 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கு சட்டைப்பையில் அடங்கிவிடுகிறது.

அப்படியொரு விளக்குடன் நாங்கள் நால்வர் ஓர் அமாவாசை இரவில் திருவேங்கடத்துக்கு அருகே நடந்தோம். அமாவாசையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நிலவொளி விளக்கின் விளைவைக் குறைக்கும். நிலவுள்ள இரவில் தேள்கள் வெளிவருவதும் குறைவு என்பது களத்தில் அலைந்தோர் பலரின் கருத்து. பகலிலேயே ஒருமுறை அவ்விடத்தை நடந்து பார்த்துக் கிணறுகளையும் முள்வேலிகளையும் குறித்துக்கொண்டோம். நிலத்துக்காரரிடம் சொல்லி வைத்தோம். கணுக்காலுக்கு மேல் ஏறிய தோல் காலணி, ஒரு முழத்துக்குக் குறையாத இடுக்கி, மூடியில் துளையிட்ட டப்பாக்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு தேள்தான். இரண்டை ஒன்றாக இட்டால் விடியும்போது ஒன்றே இருக்கக்கூடும்.

முதல் அரைமணி நேரத்தில் ஒளிர்ந்தவை உரச்சாக்கின் நூல்களும், எங்களுள் ஒருவரின் சலவை வேட்டியுமே. பிறகு, வரப்பின் வெடிப்பொன்றில் பச்சை நெருப்பைப் போல முதல் செந்தேள். மெல்லிய இடுக்கி, தடித்த வால். மெல்லிய இடுக்கியும் தடித்த வாலும் உடையதை மிகவும் அஞ்ச வேண்டும் என்பது பொதுவிதி. பருத்த இடுக்கி கொண்ட கரிய நட்டுவாக்காலி தோற்றத்தால் அச்சுறுத்தினாலும் அதன் நஞ்சு அத்தனை கொடியதன்று. கண்டதைக் கொண்டாடி அடுத்த அடி வைக்கப் போனபோது, உடன் வந்த முதிய காட்டுக்காரர் தடுத்தார். "தம்பிமாரே, தேளு மினுங்குது, சரி. விரியன் மினுங்குமா?" என்றார். தேளைத் தவிர வேறெதையும் காட்டாத விளக்கை நம்பி இருட்டில் நடந்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பின் இருவர் புற ஊதா விளக்கையும், இருவர் சாதாரண டார்ச் விளக்கையும் பிடித்தோம். கால் வைக்கும் இடமெல்லாம் வெள்ளொளி. இரண்டுவகை விளக்கும் இல்லாமல் எவரும் இப்பணிக்குக் கிளம்ப வேண்டாம்.

மேற்கே குற்றாலத்து மலைச்சாரலில் தேடுவதாயின் முறையே வேறு. அங்குள்ள காப்புக்காடுகளில் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கால் வைக்கலாகாது.

இத்தனையும் வெறும் பொழுதுபோக்குத்தானா என்று கேட்போருக்கு மஹாராஷ்டிரத்தின் மகாட் ஊரைச் சொல்ல வேண்டும். அங்கு மருத்துவரான ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இதே செந்தேள் கொட்டிய ஏழை உழவர்களும் குழந்தைகளும் இதயமும் நுரையீரலும் செயலிழந்து இறப்பதைக் கண்டார். நோயாளிகளின் அருகிலேயே இருந்து குறிகளைப் பதிவு செய்து 1982இல் 'லான்செட்' இதழில் எழுதினார். இரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் என்னும் மலிவான மாத்திரையைப் பயன்படுத்தி, அதுவரை மிகுந்திருந்த இறப்புகளைப் பெரிதும் குறைத்தார். நச்சுமுறி மருந்தையும் சேர்த்துத் தருவதன் பயனை ஆராய்ந்த அவருடைய கட்டுரை 2011இல் வந்தது. 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எந்தத் தேள் எந்த ஊரில், எந்தப் பருவத்தில் மிகுதி என்று அறிந்தால்தான் எந்த மருத்துவமனையில் எம்மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று திட்டமிட முடியும். கொட்டுப்பட்டவரை மந்திரிக்க அழைத்துச் சென்று பொழுதைக் கழித்துவிடாமல், நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குழந்தையாயின் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

ஆகவே எங்கள் பையில் இருந்தவற்றுள் விலை மதிப்பற்றது விளக்கன்று, ஒரு பென்சிலும் சில துண்டுத்தாள்களுமே. பென்சில் ஏன் என்றால், மாதிரியைச் சாராயத்தில் இட்டுக் காப்போர் உள்ளேயே சீட்டை வைப்பர். மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். நாங்கள் எதையும் கொல்லவில்லை. படமெடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே விட்டு, புரட்டிய கற்களைப் பழையபடி வைத்தோம். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதினோம்: ஊர், நாள், நேரம், மண், எதன் கீழ் என்று. முதல் சீட்டில், கண்டவர் பெயர் என்னும் இடத்தில் எங்களுள் ஒருவர் தம் பெயரை எழுதத் தொடங்கினார். அந்த வெடிப்பில் விளக்கை அடிக்கச் சொன்னவர் காட்டுக்காரர் என்று மற்றொருவர் நினைவூட்டினார். எழுதியதை அழித்து, அவரிடமே பெயரைக் கேட்டு எழுதினோம்.