பழங்கலங்களின் மீட்டுருவாக்கமும் வரலாற்றுச் சான்றும்

பழங்காலக் கப்பல்களை மீண்டும் கட்டிக் கடலில் செலுத்திப் பார்த்தல், கடல்சார் வரலாற்றாய்வில் ஒரு முறையாக வளர்ந்துள்ளது. இம்முறை தரும் சான்றின் தன்மையும் எல்லையும் ஆராயத்தக்கன.

1980–81இல் டிம் செவரின் தலைமையில் ‘சோஹார்’ என்னும் கலம் ஓமானிலிருந்து சீனத்தின் காண்டன் வரை சென்றது. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கலமும் நெடுங்கடலைத் தாங்கும் என்பதை அப்பயணம் மெய்ப்பித்தது. போரோபுதூர்ப் புடைப்புச் சிற்பத்தை அடியொற்றிக் கட்டப்பட்ட ‘சமுத்ர ரக்‌ஷா’, 2003–04இல் இந்தோனேசியாவிலிருந்து கானா வரை சென்றது.

இந்தியாவின் ‘ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா’, அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியத்தை மூலமாகக் கொண்டது. ஓவியம் புறத்தோற்றத்தையே காட்டும், உள்ளமைப்பைக் காட்டாது. வரைபடமும் எஞ்சவில்லை. அவ்விடைவெளியைக் கேரளத் தச்சர் பாபு சங்கரன் குழுவினரின் மரபறிவும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகக் கடல்சார் பொறியியல் துறையின் மாதிரிச் சோதனைகளும் நிரப்பின. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட இக்கலம், அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, 2026 ஜனவரியில் மஸ்கட்டை அடைந்தது.

இத்தகைய கலம் கடல் கடக்க இயலும் என்பதே இதனால் உறுதிப்படுகின்றது. முன்னோர் இவ்வாறே கட்டினர் என்பது உறுதிப்படவில்லை. ஆதலின் மூலச்சான்று எது, உய்த்துணர்வு எது எனப் பிரித்துப் பதிவு செய்தல் இன்றியமையாதது. தையலும் முடிச்சும் ஏட்டில் இல்லை. தச்சர் கையில் உள்ளன. அக்கைகள் ஓயுமுன் அவ்வறிவை ஆவணப்படுத்துதலே, மற்றொரு கலம் கட்டுவதினும் முந்திச் செய்யத்தக்க பணி எனலாம்.