ஒரே மருந்து, இரண்டு மருத்துவமனைகள்

'சைகடெலிக்' என்றதும் நம்ம ஞாபகத்துக்கு வருவது நீளமுடி ஹிப்பிகளும் கலர் கலர் போஸ்டர்களும்தான். ஆனால் அந்த வார்த்தையை உருவாக்கியவர் கோட்டு சூட்டு போட்ட ஒரு அரசு மருத்துவர். பெயர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட். வேலை பார்த்த இடம் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் வேபர்ன் மனநல மருத்துவமனை. கோதுமை வயல்களுக்கு நடுவே, நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடந்த பெரிய கட்டடம்.

1951-இல் இங்கிலாந்திலிருந்து அங்கே போனார். மாகாண முதல்வர் டாமி டக்ளஸ், கனடாவின் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வித்திட்டவர். வேபர்ன் அவருடைய சொந்தத் தொகுதி. அவருடைய அரசு மனநல ஆராய்ச்சிக்குத் துணை நின்றது. ஆஸ்மண்டும், ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த ஆப்ரம் ஹோஃபரும் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் நினைத்தது என்ன தெரியுமா? குடியை நிறுத்தும்போது சிலருக்கு வரும் பயங்கரமான மனக்குழப்பத்தை மருந்தால் முன்கூட்டியே காட்டிப் பயமுறுத்தலாம் என்று! நடந்ததோ வேறு. பலர் பயப்படவில்லை, தங்கள் வாழ்க்கையையே புதுசாகப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அங்கே சில நடைமுறைகள் இருந்தன. மருத்துவர்கள் முதலில் தாங்களே மருந்தை எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிக்கு என்ன கொடுக்கிறோம் என்று சொன்னார்கள். மருந்தின் வேகம் இறங்கும்வரை பக்கத்திலேயே ஆள் இருந்தார்.

அதே நாடு, அதே பத்தாண்டு. மான்ட்ரியலில் ஆலன் மெமோரியல் நிறுவனம். அங்கே யூவன் கேமரூன் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவர். பதற்றம், மனச்சோர்வு என்று வந்தவர்களுக்கு நாள்கணக்கில் தூக்க மருந்து, திரும்பத் திரும்ப மின் அதிர்ச்சி, ஓயாமல் ஓடும் ஒலிநாடா. கூடவே எல்.எஸ்.டி.யும். சோதனை நடக்கிறது என்பதே நோயாளிகளுக்குத் தெரியாது. 1957 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்தது. கனடா அரசுப் பணமும் போனது. 1988-இல் ஒன்பது பேருக்கு சி.ஐ.ஏ. 7,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

இரண்டு இடத்திலும் ஒரே மருந்து. இரண்டு இடத்திலும் அரசுப் பணம். வித்தியாசம், நோயாளியின் சம்மதத்திலும் வெளிப்படைத்தன்மையிலும்.

வேபர்ன் குழுவும் குறையில்லாதது அல்ல. பாதிப்பேர் வரை தேறினார்கள் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான மாற்றுக் குழு இல்லை. டொராண்டோ ஆய்வாளர்கள் நோயாளியைக் கட்டிலோடு கட்டி வைத்துச் சோதித்து, பலன் இல்லை என்றார்கள். ஆறுதலான சூழலே சிகிச்சையில் பாதி என்பது ஆஸ்மண்ட் தரப்பு வாதம். 2012-இல் ஆறு பழைய ஆய்வுகளை, மொத்தம் 536 பேரை, சேர்த்துக் கணக்கிட்டார்கள். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59% பேர் முன்னேறினார்கள்; மற்றவர்களில் 38%. ஓராண்டில் அந்த வித்தியாசம் தெளிவாக நிற்கவில்லை. சர்வரோக நிவாரணி இல்லை. ஆனால் தூக்கிப் போடக்கூடியதும் இல்லை.

ஆனா தூக்கித்தான் போட்டார்கள். 1965-இல் சாண்டோஸ் நிறுவனம் மருந்து விநியோகத்தை நிறுத்தியது. 1970-இல் அமெரிக்கச் சட்டம் இதை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. ஆராய்ச்சிக்கூடங்கள் மூடின, தெருவில் விற்பனை நிற்கவில்லை. அளவு தெரியாத சரக்கு, பக்கத்தில் ஆள் இல்லாத இரவு. இதுதான் மிச்சம்.

இந்தப் பின்னணியில்தான் ஓரிகன் மாநிலத்தைப் பார்க்கணும். 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து, காளானில் உள்ள சைலோசைபினுக்கு ஒரு அரசுத் திட்டம் கொண்டுவந்தார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலில் ஆயத்த அமர்வு. பிறகு உரிமம் பெற்ற மையத்தில், உரிமம் பெற்ற வழிகாட்டி முன்னால்தான் எடுக்க முடியும். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 2023-இல் மையங்கள் திறந்தன. அதே ஆண்டு ஜூலையில் ஆஸ்திரேலியா, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இதைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது.

"அரசாங்கமே போதைக்குக் கதவு திறக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் கதவு எப்போதோ திறந்தாச்சு. வாசலில் யாராவது நிற்கணுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. நிற்கணும் என்பது என் கட்சி. கூடவே இரண்டு நிபந்தனை. சம்மதம் வெறும் கையெழுத்தாகிவிடக் கூடாது. மான்ட்ரியலை மறக்கக் கூடாது. இன்னொன்று செலவு. ஓரிகனில் ஒரு அமர்வுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகலாம். வேபர்னில் கிடந்தவர்கள் பணக்காரர்கள் இல்லை. டக்ளஸின் ஊரிலிருந்து கற்க வேண்டிய பாடங்களில் அதுவும் ஒன்று.