மறுப்பும் இணக்கமும்: கூர்ப்புக் கொள்கைக்கு மலையகம் தரும் சான்று

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் பொல்பிட்டியவில் கூடிக் களனி கங்கையாகின்றன. இந்நீரேந்து பரப்பின் மேலெல்லையில் 2,243 மீற்றர் உயரத்தில் சிவனொளிபாதமலை நிற்கிறது. கீழே, கித்துல்கலையை அடுத்து, பெலிலென என்னும் குகை. உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவனுடையது என்பர், பௌத்தர் புத்தருடையது என்பர். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர் சிலருக்கும் அது முதல் மனிதன் ஆதமின் சுவடு. குகையிலோ 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன: சிறு கற்கருவிகள், காட்டுக் கொட்டைகளின் கோதுகள், நத்தை ஓடுகள். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் படைப்புவாதம் தோற்றது எனத் தீர்ப்பெழுதுவது எளிது, ஆனால் அவசரமானது. அக்குகையில் வாழ்ந்த பலாங்கொடை மனிதனுக்குத் தொல்லுயிரியலாளர் தெரணியகல 1955இல் தனித் துணையினப் பெயர் சூட்டினாலும், அம்மனிதர் நம்மைப் போன்ற ஹோமோ சேப்பியன்ஸ்களே. பெலிலென பொய்யாக்குவது உலகின் வயது ஆறாயிரம் ஆண்டு என்ற கணக்கை மட்டுமே. இனங்கள் பிரிந்து பெருகின என்பதற்கான சான்றை அதே மலைகளின் வேறோர் உயிரிடம் தேடவேண்டும்.

அவ்வுயிர் சூடோஃபிலாட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறு தவளை. இலங்கையில் மட்டும் எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வெட்டப்பட்ட ஈரக்காடுகளே இவற்றின் வாழிடம். சில இன்று அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. வாற்பேத்தைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து முழுத் தவளையாக வெளிவருவதால் இவை குளங்குட்டைகளை நம்பியிருப்பதில்லை. படைப்புவாதி இங்கு சொல்லக்கூடிய நல்ல மறுமொழி ஒன்று உண்டு: ஒவ்வோர் இடத்துக்கும் பொருத்தமான உயிரை இறைவன் அங்கங்கே படைத்தான், ஒப்புமை ஒரே படைப்பாளியின் கைவண்ணம். அப்படியாயின் ஒத்த குளிரில், ஒத்த காட்டில் வாழ்பவை ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கவேண்டும். டிஎன்ஏ ஆய்வுகள் காட்டுவதோ வேறு. நுவரெலியாக் குளிரில் வாழும் தவளைக்கு அதே போன்ற குளிரில் வாழும் நீலகிரித் தவளையைவிட, வெப்பமான சிங்கராஜக் காட்டின் தவளையே நெருங்கிய உறவு. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்து இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தும் இரு நாட்டுத் தவளைகளுக்கிடையிலான வேறுபாடு அழியவில்லை. இங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பிய ஒரு சிறு கிளை உண்டு. அதுவும் இலங்கை வம்சத்தின் கிளையாகவே இனங்காணப்படுகிறது. உறவு வாழிடத்தைப் பின்பற்றாமல் வம்சாவளியைப் பின்பற்றுகிறது என்பதைக் கூர்ப்புக் கொள்கை எதிர்பார்க்கிறது. தனித்தனிப் படைப்பு என்னும் கொள்கை அதை எதிர்பார்க்க எந்தக் காரணமும் தருவதில்லை.

ஆயினும் தமிழ்ச் சூழலில் இச்சான்றுகளை மங்கச் செய்வது மறுப்பல்ல, இணக்கம் என்பதே என் வாதம். டார்வின் சொன்னது திருவாசகத்தில் முன்பே உண்டு என்பார் நம்மிடையே பலர்; அதிலுள்ள சிவபுராணம் புல் முதல் மனிதர் வரை பிறவிகளை அடுக்குவதைக் காட்டுவர். அப்பட்டியலை ஊன்றிப் படித்தால் கல் வருவது பறவைக்கும் பாம்புக்கும் பிறகு. மனிதருக்குப் பின் பேயும் கணங்களும் அசுரரும் முனிவரும் தேவரும் வருகின்றனர். அது ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்ததைச் சொல்லும் பாட்டு. கூர்ப்பில் தனியுயிர் எதுவும் மாறுவதில்லை. தலைமுறைகளினூடே ஒரு குடித்தொகையின் இயல்புகளே மாறுகின்றன. தசாவதாரத்துக்கும் இதுவே பொருந்தும். 2019 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், டார்வினின் கொள்கையைவிடத் தசாவதாரம் மேலானது என்றார். முந்திய ஆண்டு மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை எவரும் கண்டதில்லை எனக் கொள்கையையே தள்ளினார். பின்னவரை விஞ்ஞானிகள் உடனே மறுத்துவிடலாம். முன்னவரின் பேச்சு புகழ்ச்சி போல ஒலிப்பதால்தான் தொல்லை.

மாணவர் சிவபுராணத்தின் வழியாகவேனும் கூர்ப்பை ஏற்றால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு இதுதான்: ஏற்பது கூர்ப்பையன்று, படிப்படியாக உயரும் ஓர் ஏணியை. அந்த ஏணி இலங்கையில் ஏற்கெனவே ஒருமுறை தீங்கு செய்தது. 1880களில் இங்கு வந்த சுவிற்சர்லாந்து ஆய்வாளர் பௌல், ஃபிரிற்ஸ் சரசின் ஆகிய இருவரும் இலங்கைப் பழங்குடியினரான வேடரின் உடலளவுகளைக் கொண்டு அவர்களை மனித இனத்தின் கீழ்ப்படியில் வைத்தனர். இது டார்வினின் பெயரால் நடந்ததே. ஆனால் கிளைபிரிதல் என்ற கருத்திலிருந்து இது பெறப்படாது. வேடரும் சரசின்களும் ஒரே மூதாதையரிடமிருந்து சம தூரத்தில் நிற்பவர்கள். படிநிலைகளால் ஆளப்பட்ட தோட்டச் சமூகத்தில் ஏணிக்கும் கிளைபிரிதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்காமல் விடுவது சிறு பிழையன்று.

எஞ்சும் ஆட்சேபம் சமயத்தின் பக்கத்திலிருந்து வருவது: இயற்கைத் தேர்வு போதுமாயின் இறைவனுக்கு என்ன வேலை? சைவ சித்தாந்தத்துக்கு இக்கேள்வி அத்துணைக் கூர்மையானதன்று. இல்லாததிலிருந்து உலகம் தோன்றியதாக அது கொள்வதில்லை. முதற்காரணம் மாயை, இறைவன் நிமித்த காரணன். மாயையிலிருந்து தத்துவங்கள் தோன்றும் ஒழுங்கை அது வகுக்கிறது; உயிரினங்களின் உடல்கள் எவ்வொழுங்கில் வந்தன என்பது அதற்குத் திறந்த வினா. ஆகவே சைவர் கூர்ப்போடு மோதவேண்டியதில்லை. மோதவேண்டியதில்லை என்பதை முன்பே சொன்னோம் என்பதாகத் திரிக்கும்போதுதான் நூலும் அறிவியலும் ஒருங்கே சிதைகின்றன. சிவபுராணத்தின் களைப்பும் காணாமற்போகிறது, நுவரெலியாத் தவளையின் வம்சாவளியும் கேட்பாரற்றுப் போகிறது.