காவற்கப்பல் ‘பெங்கால்’

தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணும்போது நம்மவர் பேச்சு சோழர்பால் செல்வதும், கி.பி. 1025இல் கடாரம் கொண்ட இராசேந்திரனின் கடற்படையை எண்ணிப் பூரிப்பதும் இயல்பு. இந்துமாக் கடலிலேயே, 1942இல் இந்திய மாலுமிகள் நிகழ்த்திய போரை அறிந்தோரோ நம்மிடையே சிலர்தாம்.

அரச இந்தியக் கடற்படைக்கெனச் சிட்னி நகரில் கட்டப்பெற்ற சிறு காவற்கப்பல் ‘பெங்கால்’. ஏறத்தாழ 650 டன் எடையுள்ள அதற்கு வாய்த்த பெரிய படைக்கலம், 12 இராத்தல் குண்டெறியும் ஒற்றைப் பீரங்கியே. இந்தியாவை நோக்கிய முதற்பயணத்தில், ‘ஒண்டினா’ என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக அது ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டிலிலிருந்து புறப்பட்டது.

நவம்பர் 11ஆம் நாள், கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே இரு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஹோகோகு மாரு, ஐகோகு மாரு எனும் அவை ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்டவை. பல பீரங்கிகள் தாங்கியவை. தலைவர் வில்சன் ஒண்டினாவைத் தப்பியோடப் பணித்துவிட்டு, தம் கப்பலைப் பகைவரை நோக்கியே திருப்பினார். யானையை எதிர்த்து முயல் சென்றது எனலாம்! ஒண்டினாவும் தன் ஒரே பீரங்கியால் சுட்டது. சற்று நேரத்தில் ஹோகோகு மாரு தீப்பற்றி, வெடித்து, மூழ்கியது.

மூழ்கடித்தது யார்? தொடக்கத்தில் புகழ் பெங்காலுக்கே சேர்ந்தது. டச்சுத் தரப்பினரோ ஒண்டினாவின் குண்டே தாக்கியது என்றனர். பின்வந்த ஆய்வாளர் பலரும் அதையே ஏற்கின்றனர். நம் கப்பல் என்பதற்காக நாம் வழக்காட வேண்டுவதில்லை. அச்சிறு கப்பல் திரும்பி நின்ற அந்தத் துணிவில் எவருக்கும் ஐயமில்லை.

குண்டுகள் தீரும் நிலையில், ஒண்டினா அழிந்ததெனக் கருதிப் பெங்கால் புகைத்திரையிட்டு விலகிற்று. உண்மையில் டார்ப்பிடோ தாக்கியும் ஒண்டினா மூழ்கவில்லை. அதன் தலைவர் ஹார்ஸ்மன் உயிரிழந்தார். படகுகளில் இறங்கியோர்மீதும் ஜப்பானியர் சுட்டனர். பகைவர் அகன்றபின் எஞ்சியோர் மீண்டும் கப்பலேறித் தீயணைத்து, பிரிமாண்டிலுக்கே திரும்பினர். பெங்காலோ ஓர் உயிரையும் இழவாமல் நவம்பர் 17இல் டீகோ கார்சியாவை அடைந்தது. விடுதலைக்குப்பின் இந்தியக் கடற்படையிலும் பணி தொடர்ந்தது.