நார்வேயின் மே 17: சிறுவர் ஊர்வலம் பிறந்த கதை

நார்வேயின் அரசியலமைப்பு 1814 மே 17 அன்று எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கையெழுத்தானது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடு ஸ்வீடன் மன்னரின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. இந்த நாளைக் கொண்டாடுவதைத் தனக்கு எதிரான செயலாகவே மன்னர் கார்ல் யோஹான் கருதினார். 1829-இல் தலைநகர் கிறிஸ்தியானியாவின் (இன்றைய ஓஸ்லோ) சந்தைச் சதுக்கத்தில் கூடிய மக்களைக் குதிரைப்படை விரட்டியடித்தது. அதன் பிறகு கொண்டாட்டத்தை அடக்க முடியவில்லை. கவிஞர் ஹென்ரிக் வெர்கெலான் அதன் முன்னணிக் குரலானார். ஆனாலும் ஊர்வலங்களில் நடந்தவர்கள் பெரியவர்களே.

சிறுவர்களை வீதிக்கு அழைத்து வந்ததில் பெரும்பங்கு பியோர்ன்ஸ்டியெர்னே பியோர்ன்சனுடையது. 1832-இல் குவிக்னே என்னும் மலையூரில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர் அவர். விவசாயிகளின் வாழ்வைச் சொன்ன ‘சின்னோவே சோல்பாக்கென்’ (1857) அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. கவிதை, நாவல், நாடகம் எழுதியதோடு நாடக அரங்குகளையும் நடத்தினார். மேடைப் பேச்சிலும் அரசியல் சண்டையிலும் சளைக்காதவர். பள்ளித் தலைவர் பீட்டர் குவாம் தம் மாணவர்களை வைத்துச் சிறிய அளவில் தொடங்கியிருந்ததை, 1870-இல் அவருடன் சேர்ந்து நகர விழாவாக்கினார். அன்று கொடியேந்தி நடந்தவர்கள் சுமார் 1,200 பேர், எல்லோரும் பையன்கள். சிறுமிகளுக்கு இடம் கிடைக்க 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேசத்தின் எதிர்காலம் என்று பேசியவர்களுக்கு அதில் பாதி கண்ணில் படவே இத்தனை காலம் பிடித்தது.

அவர்கள் ஏந்திய கொடியிலும் சிக்கல் இருந்தது. அதன் மூலையில் ஸ்வீடனுடனான இணைப்பைக் காட்டும் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. அதை நீக்க வேண்டும் என்று பியோர்ன்சன் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1898-இல்தான் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. 1905-இல் இணைப்பே முறிந்தது. மறு ஆண்டு முதல் அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று சிறுவர்களை வரவேற்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது விழா தடை செய்யப்பட்டது. விடுதலை கிடைத்து ஒன்பதே நாளில், 1945 மே 17 அன்று, வீதிகள் மீண்டும் நிரம்பின.

படைகளின் அணிவகுப்பை முன்னிறுத்தும் தேசிய விழாக்கள் பல உண்டு. நார்வேயில் முன்வரிசை பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. அவர்கள் பாடும் நாட்டுப் பண்ணும் பியோர்ன்சன் 1859-இல் எழுதியதே. உறவினர் ரிக்கார்ட் நூர்ட்ரோக் இசையமைக்க, அது 1864 மே 17 அன்று எய்ட்ஸ்வோலில் அரங்கேறியது. பியோர்ன்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்று, 1910-இல் பாரிசில் காலமானார். அந்தப் பாடலை நாடாளுமன்றம் முறைப்படி தேசிய கீதமாக ஏற்றதோ 2019 டிசம்பரில்தான்.